சுட்டிக்கு வந்த சுகவீனம்

வீட்டிலே எலித் தொல்லை மிகுந்தால் பூனை வளர்க்கலாம், பொறி வைக்கலாம், இரண்டுக்கும் மசியாவிட்டால் அயலவரிடம் சொல்லி ஆறுதலாவது பெறலாம். எலிக்கே நோய் கண்டு, அதற்கு வைத்தியம் பார்க்கும் பொறுப்பு நம் தலையில் விழுந்தால் என்ன செய்வது? 2025ஆம் ஆண்டு, சோளகக் காற்று வீசத் தொடங்கியிருந்த வைகாசி மாதத்தில், இத்தகைய சோதனை ஒன்று எமக்கு வாய்த்தது.

நாம் குறிப்பிடுவது கணினியின் எலியை. மேலை நாட்டார் அதற்கு எலி என்று பொருள்படும்படி 'மவுஸ்' எனப் பெயரிட்டனர். எமது நாட்டுப் பாடநூல்கள் 'சுட்டி' என்கின்றன. சுட்டிக் காட்டுவது சுட்டி, பொருத்தமான பெயர்தான். குறும்பு செய்யும் பிள்ளையையும் சுட்டி என்பதுண்டு. அதுவும் பொருத்தமே என்று அந்த வைகாசியில் அறிந்துகொண்டோம். எமது இல்லத்தரசியார் அதனை 'மவுசு' என்றே அழைப்பார். "அந்த மவுசுக்கு இருக்கிற மவுசு இந்த வீட்டில் எனக்கு உண்டா?" என்பது அவருடைய நிரந்தர முறைப்பாடு.

எமது வீடு கற்பிட்டிக் குடாநாட்டில் இருக்கிறது. மேற்கே கடல், கிழக்கே புத்தளம் களப்பு, நடுவே மணல். இங்கு உப்பு உப்பளத்தோடு நின்றுவிடுவதில்லை. காற்றோடு வந்து கதவுப் பிணைச்சலில் ஏறும். துவிச்சக்கர வண்டியின் சங்கிலியைத் தின்னும். கூரைத் தகரத்தைச் சல்லடையாக்கும். இத்தகைய ஊரில், யன்னலோரத்து மேசையொன்றில், எமது மடிக்கணினி வாழ்ந்துவந்தது. 2020ஆம் ஆண்டு கொரோனாவினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, கட்டாரில் தொழில் புரியும் எமது மகன் தன் மகளின் படிப்புக்காக வாங்கிக் கொடுத்தது அது. பாடசாலைகள் திறந்ததும் பேத்தி உயர்தரம் படிக்கச் சிலாபத்திலுள்ள தன் சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள். கணினி எம்மிடம் தங்கிற்று. காலையில் பத்திரிகை வாசிப்பதற்கும், வெள்ளிக்கிழமைகளில் மகனின் முகம் பார்ப்பதற்கும் அது பயன்பட்டது.

மே மாத நடுப்பகுதியில் பேத்தி வீடு வந்து சேர்ந்தாள். பரீட்சையில் நல்ல பெறுபேறு. பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கெனத்தான் வந்திருந்தாள், கணினி இங்கேதானே இருக்கிறது!

இவ்விண்ணப்பம் விளையாட்டான காரியமன்று. எந்தப் பாடநெறியை எந்தப் பல்கலைக்கழகத்தில் முதலாவதாக விரும்புகிறோம், அடுத்தது எது, அதற்கடுத்தது எது என்று மாணவர் வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டும். அந்த வரிசையையும் பெற்ற புள்ளியையும் மாவட்டத்தையும் வைத்தே இடம் கிடைக்கும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு கல்வி வசதி குறைந்தவை என வகுத்திருக்கும் 16 மாவட்டங்களுள் எமது புத்தளமும் ஒன்று. அந்த மாவட்டங்களுக்கென நூற்றுக்கு 5 இடங்கள் தனியே ஒதுக்கப்படுகின்றன. அந்தச் சலுகை இருந்தாலும், வரிசை பிழைத்தால் வாழ்க்கை வேறு பக்கம் திரும்பிவிடும். முடிவு திகதிக்கு இன்னும் ஐந்து நாட்களே இருந்தன.

பேத்தி கணினியைத் திறந்து தொடுபலகையில் விரலை வைத்தாள். திரையிலுள்ள அம்புக்குறி அவள் சொற்படி இரண்டு அடி நடந்தது. மூன்றாவது அடியில் தன் மனம்போன போக்கில் ஓடி, ஒரு மூலையில் போய் ஒளிந்துகொண்டது. மீண்டும் அழைத்து வந்தாள். இம்முறை யாரும் அழுத்தாமலேயே எதையோ அழுத்திற்று. மூன்றாவது விருப்பமாக இருந்த பாடநெறி முதலாவது இடத்தில் ஏறி அமர்ந்துகொண்டது! பிள்ளையின் முகம் வெளிறிவிட்டது.

இங்கே நாம் செய்த முதற்பிழையைச் சொல்லிவிட வேண்டும். அன்று பிற்பகல் பேத்தி கணினியின் முன்னமர்ந்து, உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய மாங்காய்க் கீற்றுகளைத் தின்றுகொண்டிருந்ததை நாம் கண்டிருந்தோம். முப்பத்திரண்டு வருடங்கள் கணிதம் படிப்பித்தவர் நாம். காரணமும் காரியமும் கண்முன்னே இருக்கும்போது நிறுவல் எழுதத் தாமதிப்போமா? "உப்புக் கையால் தொட்டுத் தொட்டே கெடுத்துவிட்டாய்" என்று பக்கத்து வீட்டார் இருவர் இருக்கும்போதே கடிந்துகொண்டோம். "நான் சிந்தவில்லை, தாத்தா" என்று ஒரு முறை சொன்னாள். பின்னர் எதுவும் பேசவில்லை. மாங்காய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்தாள்.

உண்மையில் எமது சந்தேகம் முழுவதும் ஆதாரமற்றதன்று. தொடுபலகையின் அடியில் கண்ணுக்குப் புலப்படாத மின்வலை ஒன்று உண்டு. அதில் மிகச் சிறிதளவு மின்னேற்றம் நிறுத்தப்பட்டிருக்கும். எமது உடம்பு மின்சாரத்தைக் கடத்துவதாகையால், விரல் நெருங்கிய இடத்தில் அம்மின்னேற்றம் மாறுபடும். மாறுபாடு எங்கே என்று கணினி கணக்கிட்டு அம்புக்குறியை நகர்த்தும். நேயர்கள் நகத்தின் நுனியால் மட்டும் தொட்டுப் பார்க்கட்டும், அம்புக்குறி அசையாது. விரலின் சதைப்பகுதியால் தொட்டால் ஓடிவரும். ஒரு துளி உப்பு நீரும் மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே கணினி அத்துளியை இன்னொரு விரலென எண்ணி ஏமாறும். வியர்வையும் அவ்வாறே. கடலோரத்துப் பகற்பொழுதில் வியர்வையற்ற விரல் யாருக்கு உண்டு?

ஆகவே வைத்தியத்தைத் துப்புரவிலிருந்து தொடங்கினோம். கணினியை முற்றாக நிறுத்தி, மின்னிணைப்பைக் கழற்றி, பழைய வேட்டித் துண்டைப் பிழிந்தெடுத்துத் தொடுபலகையைத் துடைத்தோம்; உலர்ந்த துணியால் மறுபடியும் துடைத்தோம். இல்லத்தரசியார் புளி கொண்டுவந்தார். பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி எத்தகைய ஒளடதம் என்பதை நாம் அறிவோம். வயர் செருகும் துவாரத்தின் ஓரத்தில் களிம்பு பிடித்திருந்ததும் உண்மைதான். இருப்பினும் புளி வேண்டாமென்று மறுத்துவிட்டோம். புளியின் ஈரமும் அமிலமும் உள்ளே போனால் களிம்போடு கணினியும் போய்விடும்.

மறுபடியும் இயக்கினோம். சிறு கோளாறுகள் பல, கணினியை நிறுத்தி எழுப்பினாலே தீர்ந்துவிடுவதுண்டு, இது தீரவில்லை. விசைப்பலகையின் மேல்வரிசையிலே தொடுபலகையை உறங்க வைக்கவும் எழுப்பவும் ஒரு விசை சில கணினிகளில் இருக்கும். தெரியாமல் விரல் பட்டு அது உறங்கிப்போக, பலர் கடைக்குத் தூக்கிச் செல்கிறார்கள். எங்கள் சுட்டி உறங்கவில்லையே! பேய் பிடித்தது போலல்லவா ஆடிற்று? மென்பொருளைப் புதுப்பித்துப் பார்த்தாள் பேத்தி. அரை மணி நேரம் போனது. வேறு பலன் இல்லை.

இரண்டாம் நாள் மின்னேற்றும் வயரைச் சந்தேகித்தோம். சில மின்னேற்றிகளில் புவித்தொடுப்பு இராது. இரண்டு முனைகள் மாத்திரமே இருக்கும். அப்போது சிறு மின்கசிவு கணினியின் உடம்பில் தங்கித் தொடுபலகையைக் குழப்புவதுண்டு. வயரைக் கழற்றிவிட்டுப் பார்ப்பதே இதற்குரிய சோதனை. எமது மின்னேற்றி இரண்டு முனை இனத்தைச் சேர்ந்தது. மூன்று துவாரச் சுவர்ச் செருகியில் அதனை ஏற்றுவதற்கு, மேல் துவாரத்தில் பேனை மூடியை நுழைத்து நெம்பும் வித்தையை இலங்கையில் அறியாதவர் சிலரே. ஆபத்தான அவ்வித்தையை நாமும் பல வருடங்கள் செய்துவந்தோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம். வயரைக் கழற்றியதும் ஆட்டம் சற்றுக் குறைந்தது போலத் தோன்றிற்று. மகிழ்ச்சியில் தேநீர் அருந்தினோம். தேநீர் முடிவதற்குள் ஆட்டம் திரும்பிவிட்டது.

இதற்கிடையில் பேத்தி சும்மா இருக்கவில்லை. சுட்டியை நம்பாமல் விசைப்பலகையாலேயே பாதி விண்ணப்பத்தை நிரப்பியிருந்தாள். 'டாப்' விசையை அழுத்த அழுத்த ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குப் போகலாம்; அம்புவிசைகளால் பட்டியலில் ஏறி இறங்கலாம்; 'என்டர்' விசையால் தெரிவு செய்யலாம். இதனை அறிந்தவர் சுட்டியின்றியும் பெரும்பாலான கருமங்களை முடித்துவிடலாம். எனினும் அவள் பாடநெறி வரிசைக்கு வரும்போதெல்லாம் பேய் அம்புக்குறி குறுக்கே பாய்ந்து எதையாவது மாற்றிவிடும். அவ்விடத்தில் அவள் துணிந்து கைவைக்க மறுத்தாள். அவள் செய்தது சரியே.

மூன்றாம் நாள் எமக்கு ஒரு யோசனை உதித்தது. அலுமாரியின் அடித்தட்டில் வால் முளைத்த பழைய சுட்டி ஒன்று கிடந்தது. அதைத் தேடி எடுத்து, தூசி தட்டும்போது, அதன் முன்னோரைப் பற்றிப் பேத்திக்குச் சொன்னோம். கலிபோர்னியாவின் ஸ்டான்போர்ட் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய டக்ளஸ் எங்கெல்பார்ட் என்பவரின் எண்ணப்படி, 1964ஆம் ஆண்டு பில் இங்கிலிஷ் என்ற பொறியியலாளர் செய்த முதற் சுட்டி ஒரு மரப்பெட்டி. மேலே ஒரேயொரு பொத்தான். அடியில் ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் இரண்டு சக்கரங்கள். ஒன்று கிடையாகவும் மற்றையது நிலைக்குத்தாகவும் நகர்ந்த தூரத்தை அளக்கும். எட்டாம் வகுப்பில் நாம் படிப்பிக்கும் ஆள்கூறுகளே அவை! 1968 டிசெம்பர் 9ஆந் திகதி சான் பிரான்சிஸ்கோ நகரில் அறிஞர் சபையொன்றின் முன்னே எங்கெல்பார்ட் அதனை இயக்கிக் காட்டினார்.

பின்னாளில் சக்கரங்களுக்குப் பதிலாக உருண்டை வந்தது. எமது ஆசிரியப் பணியின் கடைசிக் காலத்தில் பாடசாலைக்கு வந்த கணினிகளுக்கு உருண்டைச் சுட்டிகளே இருந்தன. மணல் ஊர்ப் பிள்ளைகளின் விரலோடு வந்த மணல் முழுவதையும் அந்த உருண்டை உள்ளே இழுத்துக்கொள்ளும். வாரத்துக்கொரு முறை மூடியைத் திருகி, உருண்டையைக் கழுவி, உள்ளே உருளைகளில் வளையமாகப் படிந்திருக்கும் அழுக்கை நகத்தால் சுரண்டி எடுப்போம். சில நாட்களில் மூடியைத் திருகினால் உருண்டையே இராது. விளையாட்டு மைதானத்தில் இருக்கும். 1999ஆம் ஆண்டளவில் ஒளியால் இயங்கும் சுட்டிகள் சந்தைக்குப் பெருவாரியாக வந்தபின் அந்தத் தொல்லை ஒழிந்தது.

ஒளிச்சுட்டிக்கும் ஒரு பலவீனம் உண்டு. அதன் வயிற்றில் சிறு விளக்கும் சிறு கண்ணும் இருக்கின்றன. அந்தக் கண் அடியிலுள்ள பரப்பை விநாடிக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட தடவை படம் பிடித்து, படத்துக்குப் படம் பரப்பு எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று ஒப்பிட்டே அம்புக்குறியை நகர்த்துகிறது. கண்ணாடியில் ஒப்பிடுவதற்கு ஓர் அடையாளமும் இல்லை. எமது மேசையோ கண்ணாடி விரித்த மேசை! பழைய சுட்டியை அதன்மேல் வைத்தபோது, சேற்றில் அகப்பட்ட மாடு போல் நின்றது. இல்லத்தரசியார் அடுக்களையிலிருந்து பழைய ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையொன்றைக் கொண்டுவந்து கீழே விரித்தார். உடனே ஓடத் தொடங்கிற்று. காகிதத்தின் நுண்ணிய நார்களும் அச்செழுத்துகளும் அதற்கு வழிகாட்டிகள். வயரில்லாச் சுட்டி வைத்திருப்போர் இதனோடு வேறு இரண்டையும் பார்க்க வேண்டும்: உள்ளேயுள்ள சிறு பற்றரி தீர்ந்ததா என்பது ஒன்று, கணினியில் செருகும் சிறு வாங்கிக்கு மிக அருகே வேறு பென்ரைவோ வன்தட்டோ செருகியிருக்கிறதா என்பது மற்றொன்று. சிலவகைச் செருகிகளின் இரைச்சல் வயரில்லாச் சுட்டியின் அலைவரிசையில் புகுந்து குழப்பும்; மறுபக்கத் துவாரத்துக்கு மாற்றினால் தெளியும்.

பழைய சுட்டி ஓடியதே தவிர, பேய் அகலவில்லை. நாம் வலமிழுத்தால் தொடுபலகை இடமிழுத்தது. அப்போதுதான் பேத்தி அமைப்புப் பக்கத்துக்குள் விசைப்பலகை வழியாகவே சென்று, தொடுபலகையை முற்றாக நிறுத்தினாள். அம்புக்குறி சாந்தமடைந்தது. அன்றிரவு எட்டு மணிக்குள் வரிசை முழுவதையும் இட்டு, மூன்று முறை சரிபார்த்து, விண்ணப்பத்தை அனுப்பிவிட்டாள். நோயாளி பிழைத்தார் என்று நாம் அறிவித்தோம்.

இரண்டாவது பிழை அந்த வேளையில் நிகழ்ந்தது. கணினியின் மூடியைச் சாத்தினோம், சரியாகப் பொருந்தவில்லை. ஒரு விரல் இடைவெளி நின்றது. பெட்டகத்தை மூடுவது போல உள்ளங்கையால் அழுத்தினோம். "அழுத்தாதேயுங்கோ, தாத்தா!" என்று பேத்தி கையைப் பிடித்துவிட்டாள். மூன்று நாட்களில் அவள் எம்மிடம் உரக்கப் பேசிய முதல் வார்த்தை அது.

மறுநாட் காலை பஸ் ஏறிப் பாலாவிச் சந்திக்குச் சென்றோம். அங்கே கணினி திருத்தும் கடை வைத்திருக்கும் இளைஞர் எமது பழைய மாணவர். "வாங்க சேர்" என்று எழுந்து நின்று வரவேற்றார். நாம் மூன்று நாள் வைத்தியத்தையும் முறையாக விவரித்தோம். அவர் பொறுமையோடு கேட்டார். ஆனால் திரையைத் திறந்து பார்க்கவேயில்லை. கணினியை மேசையின் கண்ணாடியில் வைத்து, ஒரு மூலையை ஒற்றை விரலால் மெல்லத் தொட்டார். அது தொட்டில் போல் ஆடிற்று.

"சேர், இது மவுஸ் வருத்தம் இல்லை. பற்றரி ஊதியிருக்கு."

பின்னட்டையைக் கழற்றிக் காட்டினார். தொடுபலகைக்கு நேர் கீழே, வெள்ளித்தாள் சுற்றிய தட்டையான பைகளாக இருக்க வேண்டிய பற்றரி, எண்ணெயில் விழுந்த பூரி போல் உப்பியிருந்தது. லிதியம் பற்றரி முதுமையடையும்போதும், வெப்பத்தில் கிடக்கும்போதும், எந்நேரமும் நிறைய ஏற்றப்பட்டே இருக்கும்போதும், உள்ளிருக்கும் இரசாயனம் சிதைந்து வாயு உண்டாகிறது. போக வழியற்ற வாயு பையை உப்ப வைக்கிறது. உப்பிய பை மேலே தொடுபலகையை அடியிலிருந்து தள்ளுகிறது. தள்ளப்படும் பலகை, யாரோ தொடுவதாக நினைத்து அம்புக்குறியை ஓட்டுகிறது. அழுத்தினாலோ குத்தினாலோ அது தீப்பற்றக்கூடும். நேற்றிரவு உள்ளங்கையால் அழுத்தியதை அவரிடம் நாம் சொல்லவில்லை. பேத்தியும் சொல்லவில்லை.

அவர் பற்றரியை மிக மெதுவாகக் கழற்றி, வெளியே மணல் நிரப்பிய வாளியில் வைத்தார். குப்பையோடு போட்டு எரித்துவிடக் கூடாது, மின்கழிவு சேகரிப்போரிடம் ஒப்படைக்க வேண்டும் என்றார். பற்றரியில்லாமல், நேர் மின்சாரத்தில் கணினியை இயக்கித் தொடுபலகையை மறுபடி எழுப்பினார். அம்புக்குறி கோயிற் பிள்ளை போல் சொன்னபடி நடந்தது.

"எந்த நேரமும் சார்ஜரிலேயே வைத்திருந்தீர்களா, சேர்?"

வைத்திருந்தோம். 2025 பெப்ரவரி 9ஆந் திகதி, பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு செய்த கைங்கரியத்தால் நாடு முழுவதும் இருளில் மூழ்கியதையும், எமது அயலிலுள்ள நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் இயந்திரங்களும் நின்றுபோய், அடுத்த நாட்களில் மின்வெட்டு வந்ததையும் நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அன்று மகனோடு பேசிக்கொண்டிருந்த வேளையில் கணினி அணைந்துவிட்டது. இனிமேல் இரவும் பகலும் அதனை மின்சாரத்திலிருந்து கழற்றுவதில்லை என்று அன்றே சங்கற்பம் செய்துகொண்டோம். யன்னலோர வெயிலில், ஐந்து வருடப் பற்றரியை, வயிறு நிரம்ப நிரம்ப ஊட்டிக்கொண்டே இருந்தோம்.

"எப்போதிருந்து ஆடுகிறது?" என்று அவர் கேட்டார். "நாலைந்து நாட்களாகத்தான்" என்றோம்.

அப்போது அவர் பின்னட்டையின் ஒரு காலடியில் ஒட்டிக்கொண்டிருந்த காகித மடிப்பு ஒன்றைப் பிய்த்து எடுத்து மேசையில் வைத்தார். எமக்கு உடனே ஞாபகம் வந்தது. "இந்தப் பெட்டி ஆடுகிறது, கொஞ்சம் பாருங்கள்" என்று இல்லத்தரசியார் முன்னொரு நாள் சொன்னார். நாம் பத்திரிகையிலிருந்து தலை நிமிரவில்லை. ஆடுகிற மேசைக்கு அண்டை கொடுப்பது போல, கலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து நான்காக மடித்து அவரே கீழே செருகினார்.

பேத்தி அந்த மடிப்பைப் பிரித்தாள். ஏப்ரல் 11, வெள்ளிக்கிழமை. அந்தத் திகதியில் அவள் சிலாபத்தில் இருந்தாள். மாங்காய் இன்னும் மரத்தில் இருந்தது.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. தாளை மேசையில் வைத்து விரலால் நீவி, மடிப்புகளைச் சமப்படுத்தி, தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். "தாத்தா, பஸ்ஸுக்கு நேரமாகுது" என்றாள்.

புதிய பற்றரி கொழும்பிலிருந்து வர ஒரு வாரமாகும் என்றார் கடைக்காரர். சந்தியில் ஒருவர் சைக்கிளில் மாங்காய் விற்றுக்கொண்டிருந்தார். இரண்டு பொட்டலம் வாங்கினோம். உப்பும் மிளகாய்த்தூளும் சற்று அதிகமாகவே தூவச் சொன்னோம். "பக்கத்து வீட்டாரிடமும் நானே போய்ச் சொல்கிறேன்" என்றோம். பேத்தி தலையசைத்தாள். பஸ்ஸில் யன்னலோரமாக அமர்ந்து, களப்பைப் பார்த்தபடியே தன் பொட்டலத்தைத் தின்று முடித்தாள். பின்னர் கையை எமது சால்வையில் துடைத்தாள்.